வரிசை மாறி வந்த நான்கு பெயர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியே என் முன்தலை வழுக்கையானது. அதை நான் அறிவின் அடையாளம் என்று நம்பியிருந்தேன்.

அன்று கணினிச் செய்முறைத் தேர்வு. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் நான்கு இழைகளை, அதாவது த்ரெட்களை, உருவாக்கி, ஒவ்வொன்றும் தன் பெயரை அச்சிடச் செய்ய வேண்டும். கீழ்வேளூரிலிருந்து வரும் கவிதா, த்ரெட்களுக்கு நடவுப் பெண்களின் பெயர்களை வைத்திருந்தாள். என் மாதிரி விடையில் பெயர்கள் வரிசையாக வந்திருந்தன. அவள் திரையில் மூன்றாவது பெயர் முதலில் வந்தது.

"வரிசை தப்பாச்சேம்மா."

"நாலு பேரும் ஒண்ணா வயல்ல எறங்குனா யாரு முந்துவாங்கன்னு எப்படி சார் சொல்றது? மறுபடி ஓட்டுனா வேற மாதிரி வருங்க சார்."

"அப்ப இது புரோகிராமா, குலுக்கல் சீட்டா?"

ஆய்வகமே சிரித்தது. பெயில் போட்டேன்.

வீட்டில் என் மாதிரி நிரலையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வரிசை மாறியது. மதிப்பெண்ணை இன்னும் அனுப்பியிருக்கவில்லை, திருத்தியிருக்கலாம். சிரித்த வகுப்பின் முன் எப்படித் திருத்துவது? அனுப்பிவிட்டேன். அரியர் விழுந்தது, கேம்பஸ் இன்டர்வியூவில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை போனது.

மறுதேர்விலும் அதே கேள்வி. இம்முறை, ஒரு த்ரெட் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்படி எழுதியிருந்தாள். ஒருத்தி நட்டுக் கரையேறும்வரை மற்ற மூவரும் வரப்பில் சும்மா நிற்க வேண்டியதுதான்.

"நீங்க கேட்ட வரிசையிலேயே வருதுங்க சார்" என்றாள், திரையைப் பார்த்தபடி.

முழு மதிப்பெண் போட்டேன். அவள் எழுதியதில் அது ஒன்றுதான் தப்பான நிரல். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.