வந்த எழுத்து பூஜ்யம்

கதை கட்டவில்லை. போன ஐப்பசியில், கொல்லிமலையில், என் கண்ணால் திரையில் பார்த்தது. நம்ப மனம் வராதவர்கள் எங்கள் திட்ட இயக்குநர் முனைவர் விஷ்ணுவின் அறிக்கையைப் படிக்கலாம். அதிலும் இதேதான் இருக்கிறது, சாதனை என்ற பெயரில்.

மழையில் செல்போன் கோபுரம் படுத்துவிட்டால் உதவட்டும் என்று மலையில் எட்டு வயர்லெஸ் பெட்டிகள் வைத்தோம். மாட்டிய டெக்னீஷியன் நான். ஒரு பெட்டியில் தட்டும் செய்தி அடுத்த பெட்டிக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. வழியில் மழை சில எழுத்துகளைத் தின்றுவிட்டாலும், கூடவே அனுப்பும் உபரி எழுத்துகளை வைத்துக் கடைசிப் பெட்டி சரிசெய்துகொள்ளும். மூன்றில் ஒரு பங்கு போனால் மீட்கலாம். அதற்கு மேல் போனால் முடியாது. தொடக்க விழாப் பேச்சில் இயக்குநர் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டார். பெட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

அஞ்சாம் பெட்டி, அரியூர் நாட்டுப் பாதையோரத் தகரக் கொட்டகையில் (இந்த மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்). தினக்கூலிக் காவல், பொன்னாயக்கா ஒருவர்தான்.

மூன்றாம் நாளே நிஜ மழை. கோபுரம் படுத்தது. வாழவந்தி நாட்டு அலுவலகத்தில், கடைசிப் பெட்டியின் திரைக்கு முன்னால், இயக்குநர், நான், ஜீப் ஓட்டும் மாதன்.

மாலை 4.12. பீப்...

"அஞ்சாம் பெட்டி. மண் சரிஞ்சிருச்சு. பொன்னாயக்கா கால் மாட்டிக்கிச்சு. ரெண்டு பேர் இருக்கோம். வாங்க."

திரையின் அடியில் வழக்கமான கணக்கு. வந்த எழுத்து: 0. மீட்ட எழுத்து: 44.

ஒன்றுமே வரவில்லை. வராத செய்தியைப் பெட்டி முழுசாக எழுதியிருக்கிறது.

இயக்குநருக்கு முகம் மலர்ந்தது. பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம், உலகத்தில் எவனும் செய்யாதது என்று திரையோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார். நான் ஜீப்பைக் கேட்டேன். ஒருமுறை வந்தால் தற்செயல், மூன்று முறை வந்தால்தான் ஆராய்ச்சி என்றார்.

4.31. பீப்... அதே செய்தி. வந்த எழுத்து: 0.

4.50. பீப்...

"அக்கா பேச்சு நின்னுபோச்சு. நான் கையப் பிடிச்சிட்டு இருக்கேன். வாங்க."

நான் என்றால்... யார்?

மாதன் சாவியை எடுத்தார். "ஏனுங்க, பொம்பள மண்ணுல கெடக்குது. உங்க மூணுதான் வந்திருச்சுங்களே."

போனோம். ஒரே மூடுபனி.

5.40. கொட்டகை இல்லை. மண் மட்டும். எங்கோ ஒரு தகரம்... டக்... டக்...

சத்தம் வந்த இடத்தைத் தோண்டினோம். பொன்னாயக்கா, இடுப்பு வரை மண்ணில். கண் திறந்தார்.

இன்னொருத்தர் எங்கே என்று கேட்டேன். தான் ஒருத்திதான் என்றார். பெட்டி முதலிலேயே நசுங்கிவிட்டதாம். எதையும் தட்டவில்லையாம்.

"நீங்க எப்ப சாமி வந்தீங்க? ரொம்ப நேரமா என் கைய விடவே இல்லியே..."

அவர் வலது கை மண்ணுக்குள் இருந்தது.

நாங்கள் அதுவரை அதைத் தொடவே இல்லை.

இழுத்தோம். வரவில்லை.

மறுபடி...

ஒவ்வொரு விரலாக யாரோ விட்டதுபோல் வந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டார். அறிக்கையில் இயக்குநர் எழுதினார்: நூறு சதவீத மீட்பு, ஆள் எண்ணிக்கையில் மட்டும் ஒரு பிழை, இரண்டு என்பதை ஒன்று என வாசிக்கவும்.

பதினோராம் நாள் பாதையைச் சீர்செய்யப் பொக்லைன் வந்தது. அக்கா கிடந்த இடத்துக்கு நேர் கீழே ஓர் எலும்புக்கூடு. மழைக்கோட்டை வைத்து வீட்டார் அடையாளம் சொன்னார்கள். சாலைக் கூலி சின்னக்கண்ணு. இரண்டு வருஷம் முன்பு, மண்சரிவில் காணாமல் போனவர்.

வலது கை மட்டும் மேலே நீண்டிருந்தது. விரல்கள் விரிந்து.