கோலாரில் மாறும் ஷிப்ட்

முதல் நாள் பஸ்ஸுக்கு நிக்கும்போதே எனக்கு மனசு சரியில்ல. ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேர் தெரிஞ்சவங்க. என் பையில இருந்ததோ செக்யூரிட்டி யூனிபார்ம். நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடினப்புறம் ஆண்டர்சன்பேட்டையில மளிகைக்கடை வெச்சு, இத்தனை வருஷம் முதலாளின்னு கூப்பிட வெச்சவன், கடையும் படுத்துப்போய், பெங்களூர்ல ஒரு அபார்ட்மெண்ட் கேட்டுல நின்னு சலாம் போடப் போறேன். "இன்னாண்ணா, எங்க கெளம்பிட்ட"ன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு தலையைக் குனிஞ்சுகினே நின்னேன்.

வேலை பார்த்துக் குடுத்தது என் பொண்ணு. அவ ரெண்டு வருஷமா இதே பஸ்ல போய் வர்றா. அங்க பெரிய துணிக்கடை ஒண்ணுல சேல்ஸ். காலையில உள்ள போனா கடை சாத்துற வரைக்கும் நின்னபடிதான். உக்கார ஒரு ஸ்டூல்கூட கிடையாதாம்.

பஸ் வர்றதுக்குள்ள எனக்குப் பாடம் எடுத்தா. "பையை மடியில வெச்சுக்கப்பா. போன்ல சத்தமா பேசாத, எல்லாரும் தூங்குவாங்க. முக்கியமா, கோலார் வந்தா ஷிப்ட் மாறும். அதுவரைக்கும் உக்காந்து வந்தவங்க எழுந்து, நின்னுகினு வந்தவங்களுக்கு இடம் குடுக்கணும். இவங்கல்லாம் எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி. காய்ச்சலோட ஒருநாள் வந்தப்போ முழு வழியும் என்னை உக்கார வெச்சு கூட்டினு போனாங்க. என் பேரைக் கெடுத்துடாத."

"சுரங்க ஷாப்ட்ல எறங்கினவனுக்கே ஷிப்ட் சொல்லித் தர்றியா"ன்னு சிரிச்சேன். அதோட சரி, காதுல போட்டுக்கல.

ஏறினதும் ஒரு அம்மா "உக்காருங்கண்ணா"ன்னு இடத்தைக் காட்டிட்டு, தான் நின்னுக்கிச்சு. பெங்களூர்ல ஏதோ ஆஸ்பத்திரியில பெருக்கித் துடைக்கிற வேலையாம். நரைச்ச தலைக்குக் குடுத்த மரியாதைன்னு நெனச்சு சொகமா சாஞ்சுக்கிட்டேன். என் பொண்ணு முன்னாடி கம்பியைப் புடிச்சுகினு நின்னா.

கோலார் வந்துச்சு. யாரும் எதுவும் சொல்லல. உக்காந்திருந்தவங்க பாட்டுக்கு எழுந்தாங்க, நின்னவங்க உக்காந்தாங்க. என் பொண்ணுக்கும் ஒரு ஜன்னலோர சீட்டு கெடைச்சுது. தலையைச் சாய்ச்சு கண்ணை மூடினா.

"அண்ணா, கோலாரு"ன்னுச்சு அந்தம்மா, மெதுவாதான்.

எழுந்திருக்கலாம், எனக்குத் தெரியாம இல்ல. ஆனா பஸ்ஸே என்னைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. செக்யூரிட்டிக்காரன்தானேன்னு எழுப்புறாங்கன்னு எனக்கு நானே நெனச்சுக்கிட்டேன். சுர்ருன்னு ஏறிடுச்சு. "இன்னா கோலாரு? நான் காசு குடுத்து டிக்கெட் வாங்கினு உக்காந்திருக்கேன். ஓசியில வர்றவங்களுக்கு நான் எழுந்து நிக்கணுமா?"

கவர்மெண்ட் பஸ்ல இப்போ எங்க ஊர்ப்பக்கம் பொம்பளைங்களுக்குக் காசு கிடையாது. அந்த பஸ்ல முக்கால்வாசி பொம்பளைங்க. ஜன்னல்ல சாஞ்சிருந்த என் பொண்ணும் அதுல ஒருத்தி. வாயை விட்டப்புறம்தான் அது உறைச்சுது.

அந்தம்மா கம்பியிலிருந்து கையை எடுத்துக்கிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. பின்னாடியிருந்து யாரோ கன்னடத்துல, யாருய்யா இந்த ஆளுன்னு கேட்டாங்க.

என் பொண்ணு எழுந்தா. "எங்கப்பா"ன்னா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அப்புறம் அந்தம்மாவைப் பார்த்து, "அக்கா, நீங்க இங்க உக்காருங்க"ன்னா.

அந்தம்மா வேணாம் வேணாம்னுச்சு. கையைப் புடிச்சு உக்கார வெச்சா.

நான் உக்காந்தே இருந்தேன். எழுந்தா தோத்துட்ட மாதிரின்னு ஒரு வீம்பு. முன்னாடி அவ ஒரு காலை மாத்தி ஒரு கால்ல நின்னுகினு வர்றது தெரிஞ்சுது. இனி ராத்திரி வரைக்கும் அவ நிக்கணும். நரசாபுரம் தாண்டினப்புறம் என்னால முடியல. கூட்டத்துல நுழைஞ்சு அவகிட்ட போனேன்.

"நீ போய் என் எடத்துல உக்காரும்மா. தப்பாப் பேசிட்டேன்."

அவ கோவப்படல. தாழ்ந்த குரல்லதான் சொன்னா: "வேணாம்ப்பா. நானும் ஓசியிலதான வர்றேன்."

நானும் அவ பக்கத்துலயே கம்பியைப் புடிச்சுகினு நின்னேன். அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் பார்க்காம மடியில இருந்த பையையே பார்த்துகினு வந்துச்சு. ஹொசகோட்டையில மூச்சு முட்டற கூட்டம் ஏறுச்சு. புதுசா ஏறின ஒருத்தர் என் சீட்டுல உக்காரப் போனார். பக்கத்துல இருந்தவங்க அவர் காதுல ஏதோ சொன்னாங்க, "காசு குடுத்து வாங்கின சீட்டு"ன்னது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. அவர் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டு, கம்பியைப் புடிச்சுக்கிட்டார். அவ்வளவு நெரிசல்லயும் அந்த ஒரு சீட்டு பெங்களூர் வரைக்கும் காலியாவே வந்துச்சு.