துடைத்த மருந்து

ஸ்பிரிட் விளக்கின் வாசனை எங்கே வந்தாலும், ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும், வலக்கைப் பெருவிரலைத் துண்டில் துடைத்துக்கொள்கிறேன். விரலில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் துடைக்கிறேன்.

சங்ககிரியிலிருந்து ஐந்து மைலில் எங்கள் ஊர். அந்த வருஷத் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் முன் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளையுள்ள அந்த மரத்துக்குப் பதினைந்து நாளும் விடியலில் பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது நிற்கும்வரை ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கல்யாணப் பேச்சில்லை, மருந்துப் பேச்சும் இல்லை. அந்த நாட்களில்தான் அம்மை குத்துகிறவர் சாவடிக்கு வந்தார். என் மகள் பிறந்து நாற்பது நாள். பக்கத்து ஊரில் இரண்டு வீடுகளில் அம்மை கண்டிருந்தது.

வேண்டாம் என்றேன். அம்மன் வந்து நிற்கும்போது ஊசியா என்றேன். என் மனைவிக்குப் பத்து வயதில் அம்மை வந்து இடக்கண் போனது. உயிரையாவது அம்மன் விட்டுக்கொடுத்தாளே என்று அதையும் இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. அவள் களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"உட்டுக்குடுத்தா, செரிங்க. எடுத்தத ஆருகிட்டக் கேக்கறது?"

அவளே பிள்ளையைச் சாவடிக்குத் தூக்கிப்போனாள், நானும் பின்னால் போனேன். அம்மை குத்துகிறவர் ஸ்பிரிட் விளக்குத் தீயில் காட்டி ஆறவைத்த சின்னக் கத்தியால் பிஞ்சுக் கையில் நான்கு இடம் கீறி மருந்து வைத்தார். காயும்வரை தொடாதீர்கள் என்றார். அழுகிறாளே, ஆற்றுகிறேன் என்று வாங்கிக்கொண்டு சாவடிக்குப் பின்னால் போனேன். ஈரத்துண்டால் மருந்தைத் துடைத்தேன். பெருவிரலால் திருநீறு அப்பினேன். வெள்ளைக்காரன் சர்க்காருக்கும் ஆயிற்று, அம்மனுக்கும் ஆயிற்று என்று மனசு துள்ளியது. என்ன கெட்டிக்காரன் நான்!

எட்டாம் நாள் அவர் பார்க்க வந்தார். ஊர்ப் பிள்ளைகளின் கையெல்லாம் கொப்புளம் எழும்பியிருந்தது. என் மகளின் கை வெண்ணெயாக வழுவழுத்தது. மருந்து கெட்டிருக்கும் என்று, பாவம், பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டார். நாளைக்குச் சங்ககிரியில் இருப்பேன், கொண்டுவந்தால் மறுபடி குத்தலாம் என்றார். என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அன்னைக்குத் துண்டுல திருநீறு இருந்துச்சு. அலசுனவ நாந்தானுங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

மறுநாள் விடியலில், வேப்பிலை போட்ட தண்ணீர்க்குடத்தை என் முன்னால் வைத்தாள். பொம்பளைகள் தூக்குகிற குடம், தெருவே சிரிக்கும் என்றேன். அவள் பிள்ளையை மாரோடு சேலையில் கட்டி முடிச்சை இறுக்கினாள். நானும் கூட வருகிறேன் என்றேன். வாசற்படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"வேண்டாமுங்க. வேல ரண்டு இருக்குது, நாமளும் ரண்டு பேர் இருக்கறோம். நீங்க கம்பத்துக்கு ஊத்துங்க, நான் இவளுக்குக் குத்திக்கிட்டு வாரேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுல இருப்போம். வந்த பொறவு, காயற வரைக்கும் இவ கையத் தொடாதீங்க."