காரணம்: மற்றவை

ஆபீசில் அவளுக்குச் சர்க்கரை என்று பெயர். கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்டாமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் போனில் பிடித்துக் கேட்பது அந்த ஆபீசின் தொழில். ஒரு பெரிய ஹாலில் நாற்பது பேர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காலை முதல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் அதட்டுவார்கள், சிலர் கெஞ்சுவார்கள், சிலர் படிக்காத சட்டத்தையெல்லாம் பேசுவார்கள். அவள் மட்டும் "சாப்பிட்டீங்களா சார்?" என்று ஆரம்பிப்பாள். அந்தப் பக்கம் இருப்பவன் சாப்பிட்ட கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பான். கொடுத்தது அவனுக்கே போனை வைத்த பிறகுதான் உறைக்கும்.

இப்பேர்ப்பட்டவள் ஒரு கேமராவுக்கு இரண்டு தவணை பாக்கி வைத்திருந்தாள்.

கேமரா அவளுடையது அல்ல, கடன் மட்டும்தான் அவளுடையது. கேமராவை வைத்திருந்தவனை அவளுடைய அக்கா, முதல் நாள் பார்த்ததிலிருந்தே, கிளிக் என்றுதான் சொல்வாள். விசேஷ வீடுகளில் போட்டோ எடுப்பான். பாக்கி நாட்களில் ஏரிக்கரையில் போய்ப் பறவைகளை எடுப்பான். பறவைகள் பணம் தருவதில்லை. நாலு வருஷம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வாடகை அவள், கரண்ட் அவள், ரசனை அவன். நல்ல கேமரா இருந்தால் நல்ல வேலை வரும் என்றான். அவன் பெயரைத் தட்டினால் எந்தக் கடன் கம்பெனியின் கம்ப்யூட்டரும் இருமும் என்பதால் அவள் பெயரில் வாங்கினார்கள். வாங்கி எட்டாவது மாதம், "நம்ம உறவுல எனக்கு வெளிச்சம் பத்தல" என்றான். அவள் எழுந்துபோய் இன்னொரு லைட்டைப் போட்டாள். அவன் சொன்னது அந்த வெளிச்சம் இல்லையாம். மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கேமரா, அதன் மூன்று கால் ஸ்டாண்டு, அவளுடைய நல்ல தலையணை ஆகிய மூன்றோடும் அவன் கம்பி நீட்டியிருந்தான்.

துக்கத்தில் சிலர் சாப்பிடாமல் கிடப்பார்கள், சிலர் முடி வெட்டிக்கொள்வார்கள். அவள் ஷூ வாங்கினாள். கார்டில், மூன்று ஜோடி, எல்லாம் ஓடுவதற்கான ஷூ. ஓடிப்போனவன் என்னவோ செருப்புக் காலோடுதான் போயிருந்தான். கார்டு பில், ஷூ, வாடகை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்ததில் கேமராத் தவணை அடியில் நசுங்கியது. முதல் மாதம் கட்டவில்லை. இரண்டாம் மாதம், முதல் மாதமே கட்டவில்லையே என்று கட்டவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. அந்த நம்பர் யாருடையது, எடுத்தால் என்ன சொல்வார்கள், மூன்றாவது வாக்கியத்தில் எப்படிக் குரலைத் தாழ்த்துவார்கள் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். அதனாலேயே எடுப்பதில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு அக்கா வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தாள். அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள்.

"நான் ஊசி குத்தி எடுக்கறேன், நீ போன் போட்டு எடுக்கற. ஊர்ல எல்லார்கிட்டயும் எடுக்கத் தெரியுது, அந்தக் கிளிக்குகிட்ட மட்டும் குடுக்கத்தான் தெரியுமா உனக்கு?" என்றாள் அக்கா.

"கேக்கறேன்க்கா."

"எப்ப?"

"கேக்கறேன்னு சொல்றேன்ல."

"நாளும் கிழமையும் சொல்லாம வாய்தா வாங்கறியே, உன் கஸ்டமர் யாராவது இப்படிச் சொன்னா விடுவியாடி?"

விடமாட்டாள்தான். ஆனால் அவனிடம் கேட்பதற்காகப் போனை எடுத்தால் விரல் வேறு வேலை பார்த்தது. கேமராவைக் கொடு என்று அடிப்பாள், அழிப்பாள். பணமாவது கொடு என்று அடிப்பாள், அதையும் அழிப்பாள். கடைசியில் "சாப்டியா?" என்று அனுப்புவாள். அவன் சாப்பிட்டேன் என்று பதில் போடுவான். நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இந்த லட்சணத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய கணக்கு அவளுடைய ஆபீசுக்கே வசூலுக்கு வந்து சேர்ந்தது. கேமராவுக்குக் கடன் கொடுத்த கம்பெனி, வராத பாக்கிகளை மூட்டை கட்டி இவர்களிடம் தள்ளிவிட்டிருந்தது. வந்து விழுந்ததோ பக்கத்துச் சீட்டுக்காரர் திரையில்.

பக்கத்துச் சீட்டுக்காரர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலை மாறினாலும் வாய் மாறவில்லை. கடன்காரர்களை இன்னமும் டிக்கெட் எடுக்காதவர்களாகத்தான் நடத்துவார். அவர் நம்பரைப் போட்டார். போன்களை வெளியே லாக்கரில் வைத்துவிட்டு வருவது விதி என்பதால் அவளுடைய போன் அங்கே அடித்து ஓய்ந்தது.

"இந்தம்மாவும் எடுக்கல. எடுக்கவே எடுக்காதுங்க, எல்லாம் ஜன்னல் சீட்ல தூங்கற மாதிரி நடிக்கற கேஸ்" என்றவர் பெயரைப் பார்த்தார். தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அவளைப் பார்த்தார். திரும்பவும் பெயரைப் பார்த்தார்.

"சர்க்கரை, இது நீயா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அடப்பாவி. ரெண்டு மாசம். மூணு ஆனா மேல போயிடும், தெரியும்ல?"

தெரியும். வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வசூல் செய்கிறவர் மூன்று தவணை பாக்கி வைத்தால் வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது தவணைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வேலையும் போய்விட்டால் அக்கா வீட்டு ஹாலிலேயே காலத்துக்கும் குடித்தனம் செய்ய வேண்டியதுதான்.

"பாரும்மா, பேசலன்னு போட்டா வேற யாருக்காவது மாத்திடுவாங்க. ஹால் பூரா நாறிடும். நானே பேசிடறேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். தடுப்புக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டே வசூல் குரலுக்கு மாறினார். "வணக்கம் மேடம். பணம் கட்டாததுக்கு என்ன காரணம் மேடம்?"

"என்ன இருக்கு அதுல? படிங்க."

திரையில் காரணங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

"வேலை இழப்பு?"

"இன்னும் இல்ல."

"உடம்பு சரியில்ல?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"குடும்பத்தில் மரணம்?"

"உசுரோடதான் இருக்கான்."

"வெள்ளம், தீ விபத்து?"

"அண்ணே!"

"கோவிச்சுக்காத, இருக்கறதப் படிக்கறேன். விட்டுட்டு ஓடிட்டான்னு ஒண்ணு வெச்சிருக்கலாம். பாதிப் பேருக்கு அதான் காரணம். சரி, மற்றவைன்னு போட்டுக்கறேன். எப்ப கட்டுவீங்க மேடம்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்தது. சொன்ன மறுகணம் உடம்பு கூசியது. இந்த வெள்ளிக்கிழமையை அவள் ஆயிரம் பேரிடம் வாங்கியிருக்கிறாள். கொடுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எதை வெச்சுக் கட்டுவே?" என்றார் கண்டக்டர், தன் சொந்தக் குரலில்.

சம்பளம் வருவதற்கு முன்னமே பங்கு பிரிந்திருந்தது. விற்பதற்கென்று உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே பொருள் இன்னொருத்தன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அவன் நம்பரைத் தொட்டாள். அவன் ஹலோ என்றான். அவள் வாயிலிருந்து வந்தது ஆபீஸ் குரல்.

"வணக்கம் சார். கேமரா லோன் விஷயமாப் பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?"

"ஏய், நீயா? என்ன சாரு மோருன்னுட்டு?"

"உங்க கைல இருக்கற கேமராவுக்கு ரெண்டு தவணை நிலுவைல இருக்கு சார்."

"குட்டிம்மா, நானே உனக்குப் பண்ணணும்னுதான் இருந்தேன்."

"அந்தப் பேர்ல எங்க ரெக்கார்ட்ல யாரும் இல்ல சார்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுடைய சிரிப்பு தனியாக ஓடி, துணைக்கு யாரும் வராததால் நின்றது.

"அடுத்த மாசம் ஒரு பெரிய வேலை வருது. வந்ததும் மொத்தமாக் குடுத்துடறேன்."

"சந்தோஷம் சார். எந்தத் தேதி?"

"இன்னும் முடிவாகல."

"அப்ப அத விட்டுடலாம் சார். கேமரா இப்ப எங்க இருக்கு?"

"ஏய், அது என் உசுருடி."

"உசுரு உங்களது சார். ரசீது எங்களது."

"எங்களதுன்னா?"

"என்னுது" என்றாள். அந்த ஒரு சொல்லில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. பிறகு வந்தது வேறு குரல், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. "என்னுதுடா. என் பேர்ல இருக்கு. இந்த மாசம் கட்டலன்னா எனக்கு வேலை போயிடும். நாளைக்கு சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல கொண்டாந்து குடு. இல்லன்னா நீ போட்டோ எடுக்கற விசேஷ வீட்டுக்கு நாப்பது பேரக் கூட்டிட்டு வரேன். எல்லாருக்கும் கேக்கத் தெரியும்."

அவன் குரலைப் பஞ்சாக்கிக்கொண்டு, "நீ இல்லாம எனக்கும் ஒண்ணும் ஓடல. நான் வேணும்னா திரும்ப வந்துடட்டுமா?" என்றான்.

பொய் சொல்லக் கூடாது, ஒரு மூச்சு அளவுக்கு அவள் தடுமாறினாள். அவனுடைய கழுத்து வாசனைகூட வந்துபோனது. கூடவே கரண்ட் பில்லும் வந்தது.

"நாளைக்கு வரும்போது சார்ஜர் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். இடைவேளை முடிய நேரம் இருந்ததால் சாப்பிடவும் செய்தாள்.

மறுநாள் அவன் வந்தான். அவள் தோளில் கை போடுகிற தூரம் வரை வந்தவன், வாசலில் கண்டக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கேமராப் பையை மட்டும் நீட்டினான். கண்டக்டர் ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாராம்.

பழைய கேமரா வாங்குகிற கடையில் கடைக்காரர் அதை ஒரு குழந்தையைப் பரிசோதிப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார். அவள் "சாப்பிட்டீங்களா சார்?" என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் விலை கொஞ்சம் ஏறியது. கடன் முழுவதும் அடைகிற அளவுக்கு இல்லை. இரண்டு தவணை பாக்கியையும் வரப்போகிற ஒன்றையும் கடை வாசலிலேயே போனில் கட்டினாள். மீதிப் பணத்தை அசலில் கழித்தாள். மாதாமாதம் கட்ட வேண்டியது பாதியாகச் சுருங்கியது. கட்டிவிட்ட மாதிரி இல்லை, ஆனால் கட்ட முடிகிற மாதிரி இருந்தது.

அக்காவிடமிருந்து போன் வந்தது.

"என்னடி ஆச்சு?"

"மூடியக் காணோமாம்க்கா, லென்ஸ் மூடி. அதுக்குன்னு தனியாக் கொறைச்சுட்டார்."

"யாரு, கிளிக்கா?"

"இல்ல, கடைக்காரர்."

"அடியே, நான் அவனப் பத்திக் கேட்டேன். என்ன சொன்னான், அழுதானா?"

"கவனிக்கலக்கா. நாளைக்குக் காலைல பக்கத்துக் கடைல மூடி மட்டும் என்ன வெலைன்னு கேக்கணும். இவர் அதுக்கு மேல கழிச்சிருந்தார்னா விடப் போறதில்ல."