தொண்டை கட்டிய பிரசங்கி

போன ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சபைக்குப் போனேன். நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். வழக்கமாக ஃபேனுக்குக் கீழே இடம் தேடுகிற ஆள் நான். அன்று மட்டும் ஏன் முன்வரிசை?

காரணம் இருந்தது. என் மச்சினன் ஜெயசீலன், தான் மனம் மாறிய கதையைச் சபை முன்னால் சாட்சி சொல்லப் போகிறான்!

ஜெயசீலன் என் மனைவி எஸ்தரின் தம்பி. எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பின்னாலேயே ஒரு சின்ன அறை, வீடும் அதுதான். சில வருஷங்களாக அவன் கையில் ஸ்பானரைவிட பாட்டில்தான் அதிக நேரம் இருந்தது. அவன் மனைவி ஷீலா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டாள். இப்போது மெயின்லாண்டில், தூத்துக்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அப்படிப்பட்டவன் இந்த வருஷம் குடியை விட்டான். காலையில் ஷட்டரைத் திறக்கிறான். ஞாயிறு தவறாமல் சபைக்கு வருகிறான். ஆளே வேறு ஆள்.

இதற்கெல்லாம் யார் காரணம்? தற்பெருமை கூடாதுதான்... ஆனால் நீங்களே சொல்லுங்கள். தினமும் விடிந்ததும் அவனுக்கு நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது யார்? எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து இறங்கிப் போய், அவன் கட்டிலுக்கு எதிரே நின்று பாவம், மனந்திரும்புதல், கிருபை என்று தொண்டை வறளப் பேசியது யார்? சபையில் வேதபாடம் எடுக்கும் இந்த அடியேன்தான்.

ஆகவே என் பெயர் மைக்கில் வரும் என்று எதிர்பார்த்தேன். பெயர் வந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன் — லேசாகத் தலை குனிந்து, ‘எல்லா மகிமையும் கர்த்தருக்கே’ என்கிற மாதிரி.

ஜெயசீலன் மைக்கைப் பிடித்தான்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேச வராது. எங்க அத்தான் டெய்லி காலையில எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு...”

நான் நிமிர்ந்தேன்.

“சச் சொல்றேன், நெசமாவே ஒண்ணைக்கூட நான் கேட்டதில்ல.”

சபை சிரித்தது. பாஸ்டர் சிரித்தார். எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தது என் மனைவி.

“நேர்லயும் வருவாரு. வந்தா பெரிய லெக்சர். அவர் போனதும் இன்னும் கொஞ்சம் சேத்துக் குடிப்பேன்.”

யோசித்து வைத்திருந்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தேன். நான் போட்டிருந்தது செருப்பு.

“ஆனா ஒருநாள் சாயங்காலம் அத்தான் வந்தாரு. மீன் கொழம்பு கொண்டாந்தாரு. இன்னைக்கு என்ன சொல்லப் போறாரோன்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல. ஏக்தம் சுப், வாயே தொறக்கல! சோறு போட்டுத் தந்தாரு, பக்கத்துல உக்காந்தாரு. வெளிய செம மழை. கரண்ட்டும் போச்சு. யாரும் பேசலன்னதும் நானே பேச ஆரம்பிச்சிட்டேன். ஷீலா போனது... பாப்பா போன்ல என்கிட்ட பேச மாட்டேங்கறது... செத்துப் போயிரலாம்னு நெனச்சது...”

அவன் குரல் உடைந்தது.

“அழுதேன். அத்தான் பதில் சொல்லல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவரும் அழுதாரு. எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கற மனுஷன்கிட்டயே இன்னைக்குப் பதில் இல்லையேன்னு தோணிச்சு. அவர் போனப்புறம் முழங்கால் போட்டேன். ‘என்னால முடியல ஆண்டவரே, நீங்களே பாத்துக்கோங்க’ன்னு சொன்னேன். பஸ், அவ்வளவுதான் என் ஜெபம். ஒரே நாள்ல எல்லாம் சரியாகிடல. நடுவுல மறுபடியும் விழுந்தேன். ஆனா விழுந்தப்பவும் ஆண்டவர் என்னைய விடல.”

‘அல்லேலூயா’ என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். எனக்குள் மட்டும் ஏதோ கீழே உட்கார்ந்தது.

ஏனென்றால் அந்தச் சாயங்காலத்தின் உண்மை எனக்குத்தானே தெரியும்!

அதற்கு முந்தைய வாரம் ஒரு கூட்டத்தில் மைக் மக்கர் செய்தது. விடுவேனா? மைக் இல்லாமலேயே கத்திப் பிரசங்கம் செய்தேன். மறுநாள் குரல் போய்விட்டது. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ‘ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எஸ்தருக்கு அந்த வாரம் வாழ்க்கையிலேயே நிம்மதியான வாரம். குழம்பை என் கையில் கொடுத்து, “தம்பிகிட்ட குடுத்துட்டு வாங்க” என்று அனுப்பினாள். கொடுத்துவிட்டு உடனே கிளம்பத்தான் நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரில் ரெயின்கோட் இல்லை.

பாட்டிலைப் பார்த்ததும் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அதனால் உட்கார்ந்தேன். அன்பினால் அல்ல... வேறு வழியில்லாமல்!

ஆனால் அவன் சாவைப் பற்றிப் பேசியபோது நான் அழுதது மட்டும் நிஜம். பயந்துபோய் அழுதேன். இவ்வளவு வலியை இவன் எங்கே வைத்திருந்தான்? ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? எப்படிச் சொல்லுவான் — நான் எப்போதாவது இடைவெளி விட்டிருந்தால்தானே!

இத்தனை வருஷமாக, கிருபையை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு வாசலில் நின்றிருக்கிறது. அது உள்ளே போகிற வழியை மறித்துக்கொண்டு நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆராதனை முடிந்து, சபைக்கு வெளியே ஷெட்டில் டீ கொடுத்தார்கள். ஜெயசீலனை ஓரமாக இழுத்தேன்.

“மாப்ளே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் வேணும்னு சும்மா இருக்கல. தொண்டை கட்டிப்போச்சு. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு.”

“தெரியும் அத்தான். அக்கா மறுநாளே போன்ல சொல்லிட்டா.”

“உக்காந்தது கூட மழைக்காகத்தான்டா. ரெயின்கோட் இல்ல.”

அவன் சிரித்தான். “அரே அத்தான்... மழை நீங்களா பெய்ய வச்சீங்க? தொண்டைய நீங்களா கட்ட வச்சீங்க? நீங்க என்னத்துக்கு வருத்தப்படறீங்க?”

என்னால் பேச முடியவில்லை. இத்தனைக்கும் அன்று தொண்டை நன்றாகவே இருந்தது. அவனை மாற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மை அறியாமலே நம்மையும் கர்த்தர் பயன்படுத்திக்கொண்டார் என்பது பெருமைப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா? எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. கண்ணும் கலங்கியது.

“ஷீலா என்ன சொல்றா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பாக்கலாம்ங்கறா. இன்னும் நம்பிக்கை வரல. வராதுல்ல, நான் பண்ணுன கூத்துக்கு? ஆனா பாப்பா நேத்து பேசினா அத்தான். ஸ்கூல் லீவுக்கு ஒருவாட்டி வந்து பாக்கறோம்னு சொல்லிருக்காங்க.” சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது. “ஷிப் வர்ற அன்னைக்கு நீங்களும் அக்காவும் ஜெட்டிக்கு வரணும்.”

“கண்டிப்பா வர்றேன் மாப்ளே.”

“ஆனா அத்தான்... அங்க வச்சு ஷீலாவுக்கு உபதேசம் மட்டும் வேணாம். அப்படியே திரும்பிக் கப்பல் ஏறிருவா.”

முன்பென்றால் இதற்கும் ஒரு வசனத்தை எடுத்துவிட்டிருப்பேன். அன்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன்.