இண்டியானர்

மகளின் குதிரைப் பள்ளியில் இன்று சேணத்துக்கு எண்ணெய் பூசிய மணம் அடித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் இஷொய் ஊரில், இப்போது கார்கள் நிற்கும் இடத்தில், ஒரு டேனிஷ்காரர் பலகையால் கௌபாய் ஊர் கட்டியிருந்தார். மதுக்கடை முகப்பும் சிறைக்கூண்டும் ஈர வைக்கோலும், இதே சேண எண்ணெய் மணமும், நாள் முழுக்க ஒரே வட்டத்தில் நடக்கும் கிழட்டுக் குதிரையும் அங்கே இருந்தன. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுக் குதிரையில் ஏற்றுவார். ஒவ்வொரு ஞாயிறும் ஏறும் ஆசையோடு போவேன். என் தலையில் இறகு செருகி, "நீ இண்டியானர்" என்று கூண்டில் விடுவார். டேனிஷில் அது செவ்விந்தியரைக் குறிக்கும் சொல். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

இந்தியாக்காரி என்று நினைத்து அடைத்துவிட்டார் என்றே அம்மா நம்பினார். ஒரு ஞாயிறு நேரே வந்து, "இந்தியா இல்லை. சிலோன், சிலோன்" என்றார்.

"யா, யா, இண்டியானர்" என்று அவர் சிரித்தார்.

"விசரனோட என்ன கதை. நீ வா பிள்ளை."

அம்மா கூண்டைத் திறந்தார், இறகைப் பிடுங்கி எறிந்தார், என்னைத் தூக்கிக் குதிரையில் வைத்தார். அது நடக்கத் தொடங்கியது. டேனிஷ்காரர் ஒரு தொப்பியோடு பின்னால் ஓடி வந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.