குப்பை என்று நான் எறிந்த துண்டு

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். மலேசியாவில் சுவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் பட்டறை மெக்கானிக் நான். இன்றும் அதே வேலைதான். டிராக்டர், லோரி, தண்ணீர் பம்பு என்று எது வந்தாலும் பிரித்துச் சேர்த்துவிடுவேன். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் அதிகம். டீசலில் ஓடுகிற எதையும் கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் திரிந்த ஆள். ஆனால் கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குக் கடல் என்றால், ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பானையோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வருவதுதான்.

ஒரு நாள் காலை ஒரு படகுக்காரர் மோட்டார் சைக்கிளில் பட்டறைக்கு வந்தார். மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். சிறு வயதில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்ததால் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். ஒரு பழைய மரப்படகு வைத்திருக்கிறார். தூண்டில் போட வருகிறவர்களையும், அஸ்தி கரைக்க வருகிற நம் குடும்பங்களையும் கடலுக்குள் அழைத்துப் போவதுதான் பிழைப்பு. அவர் கையில் இருந்தது அந்தப் படகு என்ஜினின் ஆயில் கூலர். அதற்கு முந்தின வருடம் நான் சரிசெய்து கொடுத்த அதே கூலர்.

என்ஜின் எண்ணெயை ஆற்றிக் கொடுக்கிற சாமான் அது. முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளை உருளை, உள்ளே பென்சில் பருமனில் வரிசையாகச் செம்புக் குழாய்கள். குழாய்களுக்குள் கடல் தண்ணீர் ஓடும், அவற்றைச் சுற்றி எண்ணெய் ஓடும். போன வருடம் ஓரத்து ரப்பர் வளையம் வழியாக எண்ணெய் கசிந்தது. வளையத்தை மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தேன்.

இந்த முறை நடந்ததை அவர் நின்றுகொண்டேதான் சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. போன வாரம் ஒரு குடும்பத்தை அஸ்தி கரைக்கக் கூட்டிப் போயிருக்கிறார். மகனுடைய அஸ்திப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, கூட நான்கு பேர். கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு என்ஜின் எண்ணெய் குறைகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. பின்னால் பார்த்தால் தண்ணீர் முழுக்க எண்ணெய்ப் படலம். என்ஜினை நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் படகு அலை இழுத்த பக்கம் போயிருக்கிறது. மழையும் பிடித்துக்கொண்டதாம். கடைசியில் இன்னொரு படகு வந்து கட்டி இழுத்து வந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மா அழுத அழுகை காதைவிட்டுப் போகவில்லை என்றார்.

"நான்தான் என்ஜினைப் போட்டு விரட்டிட்டேன் போலண்ணே. ஆளுங்க உசுரு லா. இதைச் சரிபண்ணிக் குடுங்க, போட்டை வித்துடுறேன். இனிமே யாரையும் ஏத்தமாட்டேன்."

பழசு, அப்படித்தான் இருக்கும், மனசை விடாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அப்போது எனக்கும் உண்மை தெரியாது.

மதியம் கூலரின் ஒரு வாயை அடைத்து, தண்ணீர் டிரம்மில் முக்கி, டயருக்குக் காற்றடிக்கிற ஹோஸை மறு வாயில் கொடுத்தேன். குழாய்களுக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வந்தது. மூன்று குழாய்கள் ஓட்டை. ஒரே வருடத்தில் செம்பு எப்படி இப்படி அரிக்கும் என்று புரியவில்லை. வளையம் வாங்க, படகுச் சாமான் விற்கிற சீனர் கடைக்குப் போன் செய்தேன். வளையத்தைக் குறித்துக்கொண்டு, சிங்க் வேண்டாமா என்று சாதாரணமாகக் கேட்டார். என்ன சிங்க் என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். கடல் தண்ணீர் உலோகத்தைத் தின்னும். அதனால் மூடியில் ஒரு துத்தநாகத் துண்டைத் திருகி வைப்பார்கள். தண்ணீர் முதலில் அதைத் தின்னும், குழாய் தப்பிக்கும். அது கரைந்ததும் புதிது மாற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் குழாய்தான் போகும்.

போனை வைத்ததும் ஞாபகம் வந்தது. போன வருடம் அந்த மூடியைத் திறந்தபோது, ஒரு திருகாணியின் நுனியில் அரித்துச் சுண்ணாம்பு பூத்த ஒரு துண்டு இருந்தது. டிராக்டரில் அப்படி எதுவும் கிடையாது. எவனோ அரைகுறை இதைச் செருகியிருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே அதைக் குப்பையில் எறிந்து, அந்த ஓட்டையை அழகான ஒரு பித்தளை போல்ட் போட்டு அடைத்தவன் நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு வந்தது நல்ல எண்ணம் இல்லை. இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்றுதான் தோன்றியது. மூன்று குழாய்களையும் இரண்டு முனையிலும் ஈயம் ஊற்றி அடைத்தேன். புதிய வளையமும் சிங்க்கும் வாங்கி வந்து மாட்டினேன். மறுபடி டிரம்மில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழ்கூட வரவில்லை. கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. அவர் படகை விற்றால் அது அவர் முடிவு. யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் வாயை விட்டேன். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"தப்பு உங்களோடது, பொழப்பை விடுறது அந்த மனுசனா? சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

அன்று மட்டும் சாப்பிட விட்டாள். மறுநாள் வேலை முடிந்ததும் கூலரை மோட்டாரில் கட்டிக்கொண்டு அவர் படகு நிற்கிற இடத்துக்குப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. எறிந்தது, அடைத்தது, குழாய் ஓட்டையானது என்று உளறிக்கொட்டினேன். நான் போட்டிருந்த பித்தளை போல்ட்டையும் காட்டினேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன்.

அவர் அந்தப் போல்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, தப்பு என் மேல இல்லையாண்ணே?"

இல்லை என்றேன். அவர் திரும்பி, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அழுதாரா, கோபத்தை அடக்கினாரா, இன்றுவரை நான் கேட்டதில்லை. திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னார். சனிக்கிழமை சோதனை ஓட்டத்துக்கு நானும் படகில் வர வேண்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மறுக்க எனக்கு ஏது வாய்? சனிக்கிழமை காலை கூலரை மாட்டினோம். கிளம்பினோம். கரை சின்னதாகிக்கொண்டே போனது. நான் என்ஜின் பக்கத்திலேயே குந்தி, பின்னால் போகிற தண்ணீரில் எண்ணெய் மினுக்கு தெரிகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். வெகுதூரம் போன பிறகு அவர் என்ஜினை நிறுத்தினார். இங்கேதான் அன்றைக்கு நின்றது என்றார். படகு ஆடியது. நான்கு பக்கமும் தண்ணீர். அந்த அம்மா எப்படி இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்ததும் படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். உடனே என்ஜினைக் கிளப்பினார். பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நான் கும்பிட்டேன்.

கரைக்கு வந்தபோது படகுத் துறையில் நான்கைந்து படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அன்றைக்கு இழுத்து வந்தவரும் இருந்தார். என்னதான் கோளாறு, முன்னால் யார் ரிப்பேர் செய்தது என்று மலாயில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

கூலர் பழசாகிவிட்டது, வேறொன்றும் இல்லை என்றார் என்னோடு வந்த படகுக்காரர். பிறகு என் தோளில் கை வைத்து, இந்த அண்ணனிடம் கொடுத்தால் கவலையே வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னார்.

அவர் படகை விற்கவில்லை. இன்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார். அந்தப் படகுத் துறையில் பாதிப் பேர் இப்போது என்ஜின் கோளாறு என்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். மூன்று வருடமாக அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்காக அவர் சொல்லாமல் காத்ததை அவருக்காக நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.